எத்தனை பேரை உள்ளே விடுவது?

சர்வர் மந்தமானால் பலரும் முதலில் கை வைப்பது, பிஎச்பி தளங்களை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மின் மேக்ஸ் சில்ட்ரன் எண்ணில்தான். ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி பிராசஸ் ஓடலாம் என்ற வரம்பு அது; ஒரு பிராசஸ் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். 20 இருந்ததை 100 ஆக்குவார்கள். கூட்டம் ஏறும் வரை நன்றாகத்தான் ஓடும். ஏறியதும் மெமரி தீர்ந்து, வட்டையே மெமரிபோல் பயன்படுத்தும் ஸ்வாப் தொடங்கும். அதுவும் நிரம்பினால் லினக்ஸ் கெர்னல் அதிக மெமரி பிடித்திருக்கும் பிராசஸைக் கொல்லும். பெரும்பாலும் பலியாவது டேட்டாபேஸ்.

4 ஜிபி மெமரியில் டேட்டாபேஸுக்கும் மற்றவற்றுக்கும் 1.5 ஜிபி போனால் மிச்சம் 2.5. ஒரு பிஎச்பி பிராசஸ் 80 எம்பி என்றால் 31 வரை தாங்கும். 25-இல் நிறுத்துவது உசிதம். அந்த 80-ஐ சர்வர் சும்மா இருக்கும் நேரத்தில் அளக்கக் கூடாது, நெரிசலில் அளக்க வேண்டும். ஒரு கோரிக்கை 2 நொடி பிடித்தால் 25 பிராசஸும் சேர்ந்து நொடிக்குப் பன்னிரண்டைத்தான் முடிக்கும். 200 மில்லிநொடியில் முடிந்தால் 125. எனவே எண்ணை ஏற்றுவதற்கு முன், அதிக நேரம் பிடித்தவை பதிவாகும் ஸ்லோ லாகைத் திறந்து பாருங்கள். தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் இல்லாத டேட்டாபேஸ் குவெரி ஒன்று அங்கே அடிக்கடி சிக்கும்.

பாதுகாப்பும் இதே எண்ணில்தான் மாட்டுகிறது. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பிகிரிப்ட் வேண்டுமென்றே சிபியுவைத் தின்னும்படி செய்யப்பட்டது. ஒரே நேரத்தில் 25 லாகின் முயற்சிகள் வந்தால் மொத்த தளமும் வரிசையில் நிற்கும். அதற்குப் பெரிய தாக்குதல் எதுவும் தேவையில்லை. லாகின் பக்கத்துக்கு மட்டும் ஒரு ஐபிக்கு நிமிடத்துக்கு 5 கோரிக்கை என்று, முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் வரம்பு வைக்கலாம். மீறினால் அது இயல்பாக 503 (சேவை கிடைக்கவில்லை) என்ற பதிலை அனுப்பும். அதை 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்) ஆக மாற்றாவிட்டால் கண்காணிப்பவர் சர்வர் விழுந்துவிட்டதாக நினைப்பார்.

இதில் ஒரு பொறி உண்டு. கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் முன்னால் இருந்தால் எல்லாக் கோரிக்கையும் அதன் ஐபியிலிருந்தே வருவதாகத் தெரியும். ஒருவர் வரம்பை மீற, எல்லோருக்கும் கதவடைப்பு. பயனரின் அசல் ஐபியைச் சுமந்து வரும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரைப் படித்தால் தீரும். ஆனால் பேலன்சரின் முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே அதை நம்ப வேண்டும். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் பொய் ஐபி எழுதி வரம்பைத் தாண்டிவிடலாம்.

சர்வர் பதிப்பு எண்ணை மறைப்பது நல்லதுதான், ஆனால் ஓட்டை எதையும் அது அடைக்காது. அதைவிட முக்கியமானது, எச்டிடிபிஎஸ் இணைப்புக்குத் தேவையான டிஎல்எஸ் சான்றிதழ். வட்டில் புதியது வந்துவிட்டாலும், ரீலோட் செய்யும் வரை என்ஜின்எக்ஸ் மெமரியிலிருக்கும் பழையதையே கொடுத்துக்கொண்டிருக்கும். புதுப்பிப்பு ஸ்கிரிப்ட்டிலேயே ரீலோடைச் சேர்த்துவிடுங்கள். காலாவதித் தேதியையும் ஃபைலில் பார்க்காமல், எச்டிடிபிஎஸ் இயங்கும் 443 போர்ட்டில் இணைந்து, சர்வர் கொடுக்கும் சான்றிதழை வாங்கிப் பாருங்கள்.