இத்தாலியில் இங்கிலீஷ் டீச்சர் வேலையா? கையெழுத்துக்கு முன்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இத்தாலி ஆஃபர் வந்தால், சம்பளத்துக்கு முன் 'நுல்லா ஒஸ்தா' (ஆளை வேலைக்கு எடுக்க இத்தாலி அரசு தரும் அனுமதி) வந்ததா என்று கேளுங்கள். அதை அங்குள்ள முதலாளிதான் வாங்க வேண்டும்; இல்லாமல் வேலை விசா கிடையாது. 'டூரிஸ்ட் விசாவில் வாங்க, மாத்திக்கலாம்' என்றால் போனை வைத்துவிடலாம்.

ஒப்பந்தத்தில் 'லோர்தோ' என்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. கையில் வருவது 'நெத்தோ'. மணிக்கு 15 யூரோ, வாரம் 20 மணி, ஆக 300 யூரோ என்று குதிக்காதீர்கள். வகுப்பு ரத்தானால் சம்பளம் உண்டா? கிறிஸ்துமஸ் லீவில்? ஒரு கம்பெனியில் பாடம் முடித்து அடுத்ததுக்கு பஸ்ஸில் போகும் நேரத்துக்கு? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். 'பார்த்தீத்தா ஈவா' என்றால் சுயதொழில்: வரியும் பென்ஷன் பணமும் உங்கள் தலையில். பல மொழிப் பள்ளிகள் அக்டோபரில் தொடங்கி ஜூனில் கணக்கை முடித்துவிடும். மாத வருமானத்தை 12 ஆல் அல்ல, 9 ஆல் பெருக்குங்கள்.