முடிச்சிடுவேன் உஸ்தாத்

ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டெண்டாக ராஜஸ்தானில் இருந்தபோது, மே மாத மதியத்தை நினைத்து நாங்கள் அவ்வளவாகப் பயந்ததில்லை. அந்நேரம் எல்லாரும் நிழலில் ஒதுங்கியிருப்பார்கள். ஹீட் ஸ்ட்ரோக் வந்து ஆள் விழுவது பெரும்பாலும் காலை ஓட்டத்தில்தான். பித்து என்கிற முதுகுமூட்டையும் ரைஃபிளுமாக ஐந்து கிலோமீட்டர் ஓடும்போது தசையே உலையாகிவிடுகிறது. அந்தச் சூட்டை வியர்வையால் இறக்க முடியாமல் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மூளை தடுமாறும்.

நீலகிரி வெலிங்டன் குளிரில் பயிற்சி முடித்து நேராகப் பாலைவனத்துக்கு வருகிறவனின் உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். அப்படிப் புதிதாக வந்த ஒரு பையனுக்கு நாலாவது கிலோமீட்டரில் கால் பின்ன ஆரம்பித்தது. பிடித்து நிறுத்தி, "தம்பி, உன் பேர் என்னடா?" என்று கேட்டேன்.

"முடிச்சிடுவேன் உஸ்தாத்."

மூத்தவனை அங்கே 'உஸ்தாத்' என்பார்கள். மறுபடி கேட்டேன். அதே பதில். பார்வை என் முகத்தில் நிலைக்கவில்லை. உடம்பெல்லாம் வியர்வை. தோல் காய்ந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். ஓடி விழுகிறவன் பெரும்பாலும் நனைந்துதான் இருப்பான். அக்குளில் வைத்துப் பார்ப்பதை நம்ப முடியாது. ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் 41-ஐத் தாண்டியது.

ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நின்றது. டாக்டர் சாப் ஏற்றவிடவில்லை. உடுப்பைக் கழற்றித் தார்ப்பாயில் கிடத்தினோம். நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடிக்க, ஐஸ் தண்ணீரை ஊற்றி அலசிக்கொண்டே இருந்தோம். இந்தச் சூட்டுக்குப் பாராசிட்டமால் உதவாது. அரை மணிக்குள் குளிர்விக்காவிட்டால் ஈரலும் சிறுநீரகமும் கெடத் தொடங்கும், உயிரே போகலாம். 39-க்கு இறங்கிய பிறகுதான் வண்டி கிளம்பியது. போகும் வழியில் பெயரைச் சொன்னான்.

இது சோம்பேறிகளுக்கு வருகிற நோய் அல்ல. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தாலும் உடம்பு சரியில்லை என்று சிக் ரிப்போர்ட் போட்டால் 'காம்சோர்', அதாவது வேலைக்கள்ளன் என்ற பட்டம் வருமென்று மறைத்துவிட்டு, அணிவகுக்கும் ஃபால்-இன்னில் முதல் வரிசையில் நிற்கிறவனுக்குத்தான் வருகிறது. அந்தப் பட்டத்தைச் சூட்டுகிறவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

அதன்பிறகு ஓட்டத்துக்கு முன் உடம்பு எப்படி என்று ஓடப்போகிறவனிடம் மட்டும் கேட்பதை விட்டுவிட்டேன். அவன் எப்போதும் "டீக் ஹை", நன்றாக இருக்கிறேன் என்பான். பக்கத்துக் கட்டில்காரனையும் கேட்பேன். அந்தப் பையனுடைய பக்கத்துக் கட்டில்காரன் மருத்துவப் பரிசோதனை அறையான எம்.ஐ. ரூம் வாசலில் நின்று அன்று சொன்னது: "ராத்திரி மூணு தரம் எழுந்து போனான் உஸ்தாத். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னான்."