திருச்சி வீடும் நியூ ஜெர்சி மெடிகெய்டும்

என் அப்பாவுக்கு நியூ ஜெர்சியில், வசதி குறைந்தவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்டின் நீண்டகாலப் பராமரிப்பு உதவி 2024-ல் கிடைத்தது. அதற்கான முதல் வேலை 2018-ல் திருச்சியில், ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. இங்கே கிடைக்கும் வழிகாட்டிகளைப் படித்தால் நம் வீட்டுக் கதைக்குப் பாதி பதில்தான் கிடைக்கும். மீதிப் பாதி ஊரில் கிடக்கிறது: வீடு, வைப்பு நிதி, ஓய்வூதியம், பேத்தி கல்யாணத்துக்குக் கொடுத்த பணம், கோயில் நன்கொடை. நான் எழுதுவது அந்தப் பாதியைப் பற்றி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி வேறு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவும் அவரும் 2009-ல் என் மனுவில் கிரீன் கார்டு வாங்கி வந்தார்கள், 2015-ல் குடியுரிமை. (குடியுரிமைத் தேர்வின் நூறு கேள்விகளையும் அப்பா காலையில் காபியோடு அம்மாவை ஒப்பிக்க வைத்தது தனிக்கதை.) 2017-ல் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. நடமாட்டம் நன்றாகத்தான் இருந்தது, கை மட்டும் நடுங்கத் தொடங்கியிருந்தது.

"மெடிகேர்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்று என்னைக் கேட்காதவர் இல்லை. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு அது. என் பெற்றோர் இங்கே வேலை பார்க்காததால், ஐந்து ஆண்டுகள் இங்கே வசித்த பிறகு, மருத்துவமனைச் செலவுக்கான மெடிகேரின் முதல் பகுதியையே மாதாமாதம் பணம் கட்டித்தான் வாங்க முடிந்தது. 2024 கணக்கில் ஓர் ஆளுக்கு அது மாதம் 505 டாலர். அப்படி வாங்கினாலும் குளிக்க வைக்க, உடை மாற்ற, கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்றால் மெடிகேர் மாதக்கணக்கில் பணம் தராது. மருத்துவமனையில் மூன்று நாள் உள்நோயாளியாக இருந்துவிட்டு மறுவாழ்வு மையத்துக்குப் போனால் முதல் 20 நாள் முழுச் செலவு, அதன்பின் 100-ஆவது நாள் வரை ஒரு பங்கு, அதோடு சரி. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருவர் தங்கும் அறைக்கே 2024-ல் நாடு தழுவிய இடைநிலைச் செலவு ஆண்டுக்கு 1,11,325 டாலர் என்று கேர்ஸ்கவுட் நிறுவனத்தின் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தச் செலவை ஏற்கும் பெரிய அரசுத் திட்டம் மெடிகெய்டு ஒன்றுதான். ஆனால் அது கையில் பணம் இல்லாதவருக்கானது. நியூ ஜெர்சியில் தனி ஆள் 2,000 டாலருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

2018-ல் முதியோர் சட்டம் பார்க்கும் ஒரு வக்கீலிடம் போனோம். அவர் முதலில் கேட்டது சொத்தைப் பற்றி இல்லை, "இருவரும் குடிமக்களா?" என்பதைத்தான். கிரீன் கார்டில் வந்தவர்களுக்குப் பொதுவாக முதல் ஐந்து ஆண்டு மெடிகெய்டு கிடையாது. அதன்பிறகும், அழைத்து வந்த பிள்ளை கையெழுத்துப் போட்ட ஆதரவு உறுதிமொழி உயிரோடு இருக்கும்வரை பிள்ளையின் வருமானத்தையும் பெற்றோரின் கணக்கில் சேர்த்துப் பார்க்க இடம் உண்டு. குடியுரிமை வந்ததும் அது முடிந்துவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, பெற்றோருக்குக் குடியுரிமை எதற்கு என்று தள்ளிப்போடும் நண்பர்களிடம் நான் சண்டை போடுகிறேன்.

இரண்டாவது கேள்வி ஊர்ச் சொத்து. கே.கே. நகரில் அப்பா கட்டிய வீடு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. குடியிருக்கும் வீட்டுக்கு மெடிகெய்டில் விலக்கு உண்டு. ஆனால் அப்பா குடியிருப்பது என் வீட்டில். திருச்சி வீடு எந்த விலக்கிலும் வராது. விற்கக்கூடிய எந்தச் சொத்தையும் போல அதுவும் கணக்கில் வரும். கடல் கடந்து இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று சிலர் சொல்வார்கள். விண்ணப்பத்தில் உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போடுவது அப்பா. அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவே இல்லை.

வீட்டை என் தங்கைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அப்பாவின் பழைய எண்ணம். எனக்கும் அதில் முழுச் சம்மதம். வக்கீல் சொன்னார்: எழுதுவதென்றால் இப்போதே எழுதுங்கள். விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி 60 மாதங்களை அலசுவார்கள். அதற்குள் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கைமாறிய எதுவும் தண்டனைக் காலமாகத் திரும்பி வரும். கொடுத்த தொகையை மாநிலம் வைத்திருக்கும் ஒரு நாள் பராமரிப்புச் செலவால் வகுத்தால் வருகிற அத்தனை நாளுக்கு உதவி இல்லை. அதில் ஒரு கொடுமை உண்டு. இந்த நாட்கள் கொடுத்த அன்றிலிருந்து ஓடாது. கையிருப்பெல்லாம் கரைந்து, மற்றபடி தகுதி வந்து, விண்ணப்பித்த பிறகுதான் தொடங்கும். அதாவது பணமும் இல்லை, உதவியும் இல்லை.

அமெரிக்க வருமான வரித்துறை ஆண்டுக்கு ஓர் ஆளுக்கு இத்தனை டாலர் வரை (2024-ல் 18,000) அன்பளிப்பாகக் கொடுக்கலாம் என்கிறதே, அது மெடிகெய்டுக்கும் பொருந்தும் என்று நம் ஆட்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. பொருந்தாது. அது வரிச் சட்டம், இது வேறு சட்டம்.

அப்பாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. எழுதித் தருவதில் அவருக்குத் தயக்கமில்லை, அன்றே எழுதித் தருவதில்தான் தயக்கம். "இருக்கிறதையும் எழுதிக் கொடுத்துட்டா நாளைக்கு எனக்குன்னு என்னடா இருக்கும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தங்கைதான் தொலைபேசியில், "அப்பா, பத்திரம் என் பேர்ல இருந்தாலும் அது உங்க வீடுதான், எப்ப வந்தாலும் மாடி ரூம் உங்களுக்கு" என்று சொல்லிச் சமாளித்தாள்.

அந்த டிசம்பரில் எல்லாரும் ஊருக்குப் போனோம். பத்திர எழுத்தர் வழக்கப்படி, அப்பாவின் ஆயுட்காலம் வரை வாடகையை அவரே அனுபவித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். ஊரில் பெற்றோருக்கு அது நல்ல பாதுகாப்புதான். ஆனால் இங்குள்ள வக்கீல் வரைவைப் பார்த்துவிட்டு அதை எடுக்கச் சொன்னார்: அனுபவ உரிமை அவரிடமே இருந்தால் அதற்கும் ஒரு மதிப்புப் போட்டு, வாடகையை வருமானமாகப் பிடிப்பார்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வேண்டாம் என்றார். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவில், அப்படி நிபந்தனை வைத்த பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். திரும்ப வாங்கக்கூடிய சொத்து, கொடுத்த சொத்து ஆகாது. பத்திர எழுத்தர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அப்பாவை ஏமாற்ற வந்த பிள்ளை என்றே முடிவு கட்டியிருப்பார். நிபந்தனையில்லாத செட்டில்மெண்டாகப் பதிவானது. பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் தங்கை பெயருக்கு மாறின. அந்த மாதம் முதல் வாடகை அவள் கணக்குக்கே போனது.

அதே சமயம் அப்பா கையெழுத்துத் தெளிவாக இருக்கும்போதே பவர் ஆஃப் அட்டர்னி எழுதினோம். நினைவு தடுமாறிய பிறகு எழுத முடியாது. நீதிமன்றம் போய் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டியிருக்கும், செலவும் காலமும் பல மடங்கு. ஆனால் இங்கே எழுதிய பவரை ஊரில் வங்கிக் கிளை ஏறிட்டும் பார்க்கவில்லை. இந்தியாவுக்கென்று தனியாக ஒன்று எழுதி, சான்றொப்பம் வாங்கி, அங்கே போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தாள் தீர்வை கட்டிச் செல்லுபடியாக்க வேண்டியிருந்தது. அப்படியும் மேலாளர் மாறும்போதெல்லாம் அதே கதை முதலிலிருந்து தொடங்கியது.

அடுத்த ஐந்து ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாஸ்புக் பக்கங்களை மாதாமாதம் படமெடுத்து வைத்தோம். பெரிய வரவு, செலவு என்றால் அது என்ன என்று பக்கத்திலேயே ஒரு வரி. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் 10,000 டாலர் தாண்டினால் ஆண்டுதோறும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதையும் விடாமல் செய்தோம்.

2024 ஜனவரியில் அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே ஒரு நிர்வாகக் கேள்வி: இவர் உள்நோயாளியா, கண்காணிப்பில் இருப்பவரா? கட்டில் ஒன்றுதான், மருந்து ஒன்றுதான். ஆனால் கண்காணிப்பில் கழிந்த இரவுகள் அந்த மூன்று நாள் கணக்கில் சேராது. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை என்பதால் சிக்கல் இல்லை. மறுவாழ்வு மையத்தில் 21-ஆவது நாளிலிருந்து தினம் 204 டாலர் எங்கள் பங்கு. இனி பெரிய முன்னேற்றம் இராது என்று தெரிந்ததும் வீட்டுக்கு அழைத்து வந்து கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தில் விண்ணப்பித்தோம். பத்திரம் பதிவாகி அறுபது மாதம் கடந்திருந்தது.

கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டும் உதவி தேவை என்றால் மற்றவரைத் தெருவில் நிறுத்தக் கூடாது என்று 1988-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் விஷயத்தில் ஊரில் வைப்பு நிதி சுமார் 38 லட்சம் ரூபாய், இங்கே வங்கியில் 22,000 டாலர். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 68,000 டாலர். குறிப்பிட்ட ஒரு நாளின் இருப்பைக் கணக்கிட்டு அதில் பாதியை அம்மாவுக்கு ஒதுக்கினார்கள். 2024-ல் அந்த ஒதுக்கீட்டின் கீழ் வரம்பு 30,828 டாலர், மேல் வரம்பு 1,54,140 டாலர். மீதி 2,000-க்கு இறங்கும்வரை செலவழிக்க வேண்டும். யாருக்கும் கொடுக்கக் கூடாது, தங்களுக்கே செலவு செய்யலாம். வீட்டுப் பணியாளர் சம்பளம், அப்பாவுக்குச் செவிக்கருவி, இருவருக்கும் பல், வக்கீல் கட்டணம். அப்புறம் இறுதிச் சடங்குக்கான முன்பணம். திரும்பப் பெற முடியாத அறக்கட்டளையாக வைத்தால் அது சொத்தில் சேராது. அம்மா கொதித்துவிட்டார். "உக்காந்திருக்கிற மனுஷனுக்கு முன்னாடியே சாவுச் செலவுக்குப் பணம் கட்டுவாங்களா?" அப்பாதான் சிரித்துக்கொண்டே, "கட்டு, விலை ஏறிடும்" என்றார்.

விண்ணப்பத்தில் எங்களை அலைக்கழித்தது பாஸ்புக். அமெரிக்க வங்கி அறிக்கைகளை ஊழியர் புரட்டிக்கூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. இந்தியக் கணக்கில் ஒவ்வொரு பெரிய தொகைக்கும் கடிதம் வந்தது. சீட்டு எடுத்த பணம் எங்கிருந்து வந்தது? தங்கை மகள் கல்யாணத்துக்கு 2021-ல் மூன்று லட்சம், யாருக்கு, எதற்கு? கும்பாபிஷேகத்துக்கு ஐம்பதாயிரம்? கோயில் ரசீது தமிழில் இருந்ததால் சான்றளித்த மொழிபெயர்ப்பு. செட்டில்மெண்ட் பத்திரத்துக்கும் வில்லங்கச் சான்றுக்கும் அதே. வைப்பு நிதி முதிர்ந்து மீண்டும் வைப்பாகும்போது பாஸ்புக்கில் வரவும் செலவுமாக இரண்டு வரி விழும். அது புதுப் பணம் இல்லை என்று விளக்கி எழுதியே ஓய்ந்துபோனேன். 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. எங்களுக்கு அதைவிட மிக நீண்டது.

கல்யாணப் பணமும் கோயில் நன்கொடையும் அன்பளிப்புதான் என்று முடிவானது. தர்மம் என்றாலும் மெடிகெய்டுக்கு அது கைமாற்றம்தான். மெடிகெய்டு வாங்கும் நோக்கத்தில் கொடுக்கவில்லை என்று வாதாட வழியுண்டு. ஆனால் தண்டனை இரண்டு வாரத்துக்குள் அடங்குகிற அளவு. அதை வாதாட வக்கீலுக்கு ஆகும் பணம் அதைவிட அதிகம். விட்டுவிட்டோம்.

ஓய்வூதியம் மாதம் நாற்பதாயிரம் ரூபாய், டாலரில் ஐந்நூறுக்குள். வருமான வரம்பு அந்த ஆண்டு 2,829 டாலர், எனவே சிக்கல் இல்லை. இங்கேயே வேலை பார்த்து அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியும் கம்பெனி ஓய்வூதியமும் வாங்குபவர்கள் அந்த வரம்பைத் தாண்டினால், மிகுதி வருமானத்துக்கென்று நியூ ஜெர்சியில் தனி அறக்கட்டளைக் கணக்கு தொடங்க வேண்டும்.

பணத் தகுதி ஒருபுறம், உடல் தகுதி மறுபுறம். மதிப்பிட வந்த நர்ஸ், குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை, படுக்கையிலிருந்து எழுவது, சாப்பிடுவது என்று வரிசையாகக் கேட்டார். இவற்றில் மூன்றிலாவது ஆள் உதவி தேவைப்பட வேண்டும். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் "ஐ மேனேஜ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விருந்தாளி முன்னால் இயலாமையைச் சொல்ல நம் பெரியவர்களுக்கு வாய் வராது. நர்ஸ் புத்திசாலி. "சட்டைப் பொத்தானைப் போட்டுக் காட்டுங்கள், சார்" என்றார். அப்பா கொஞ்ச நேரம் முயன்றார். பிறகு வழக்கம்போல அம்மா பக்கம் திரும்பினார், அம்மாவும் பேசாமல் எழுந்து வந்து போட்டுவிட்டார். நர்ஸ் குறித்துக்கொண்டார்.

இப்போது காலையில் பணியாளர் வருகிறார். வாரத்தில் சில நாள் முதியோர் பகல் மையம். எடிசன் நகரப் பக்கம் சைவச் சாப்பாடும் சீட்டுக்கட்டுமாக இந்தியப் பெரியவர்களுக்கென்றே நடக்கும் மையங்கள் இருக்கின்றன. உறவினர் ஒருவரையே பணியாளராக அமர்த்தி மெடிகெய்டு மூலம் சம்பளம் தரும் திட்டமும் நியூ ஜெர்சியில் உண்டு. நாங்கள் அதை எடுக்கவில்லை, என் மனைவிக்கு அவள் வேலையே போதும்.

அனுமதி வந்த பிறகு அப்பாவின் பெயரை வைப்பு நிதிகளிலிருந்து நீக்கி அம்மா பெயருக்கு மட்டும் மாற்றினோம். அம்மாவின் உயிலையும் வக்கீலிடம் காட்டித் திருத்தினோம். அம்மா முந்திப் போய்விட்டால் எல்லாம் அப்பாவுக்கு என்று பழைய உயிலில் இருந்தது; அப்படி வந்தால் மறுநாளே அப்பாவின் தகுதி போய்விடும். ஆண்டுதோறும் தகுதியைப் புதுப்பிக்க வேண்டும். இந்த முறைக்கான படிவம் வந்துவிட்டது. ஓய்வூதியத்தில் அகவிலைப்படி ஏறியிருக்கிறது, புதிய தொகையைக் காட்ட தங்கை பாஸ்புக்கை அச்சிட்டு அனுப்ப வேண்டும்.