ஸ்ட்ராட்டா, லெஸ் பாலா?

இந்த இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார்களில் எது உங்களுக்கு? கையில் எடுத்ததும் முதலில் தெரிவது சத்தமல்ல, கம்பியின் இழுவை. 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டில் (முழுப்பெயர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) நட்டிலிருந்து, அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் கட்டையிலிருந்து, உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை 25.5 அங்குலம், 1952இல் வந்த கிப்ஸன் லெஸ் பாலில் ஏறத்தாழ 24.75. முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் அதே 10 கேஜ் (தடிமன் அளவு) கம்பி லெஸ் பாலில் தளர்ந்து கொடுக்கும், பெண்ட் செய்ய, அதாவது கம்பியை வளைத்துச் சுருதியை ஏற்ற, விரல் அவ்வளவாக வலிக்காது. ஸ்ட்ராட்டில் அந்த இலகு வேண்டுமா, இன்னும் மெல்லிய 9 கேஜ் போடுங்கள்.

கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றுவது பிக்கப். ஸ்ட்ராட்டின் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பில் மணி மாதிரித் தெளிவு. ஆம்ப்ளிஃபயரில் கெயினை (சிக்னலின் பெருக்கத்தை) ஏற்றினால் ‘ம்ம்’ என்ற கரண்ட் இரைச்சலும் ஏறும். நடு பிக்கப்பை எதிர்த்திசையில் சுற்றிய மாடல்களில் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சை 2 அல்லது 4இல் வைத்தால் அது அடங்கும். 1957 முதல் லெஸ் பாலில் வந்த இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கருக்கு இந்தத் தலைவலி கிடையாது. நிறைய டிஸ்டார்ஷன் (கரகரப்பாக உடைந்த ஒலி) வைத்து வாசிப்பவருக்கு இதுவே போதுமான காரணம் என்பேன்.

லெஸ் பாலின் பலவீனம் கழுத்தில். தலை சுமார் 17 டிகிரி பின்சாய்ந்திருக்கும். ஸ்டாண்டிலிருந்து சரிந்தால் நட்டுக்குச் சற்றுப் பின்னால் முறியும். ஸ்ட்ராட்டின் கழுத்தோ 4 ஸ்குரூவைக் கழற்றினால் வந்துவிடும், மாற்றிக்கொள்ளலாம். லெஸ் பாலில் ‘ஜி’ கம்பி அடிக்கடி சுருதி விலகினால் கம்பியை முறுக்கும் ட்யூனரைத் திட்டாதீர்கள். நட்டின் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள்.