தறிக்குடோன் வாசலில் ஒரு காம்பஸ்

ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே என்.சி.சி. அதிகாரியாகவும் இருந்தேன். 2020 ஆகஸ்ட் 27 அன்று என்.சி.சி.க்கென்றே பயிற்சிச் செயலி வந்தது. பாடத்திட்டம், குறிப்பு, வீடியோ எல்லாம் போனிலேயே. "இனி உங்களுக்கு என்ன வேலை?" என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

கொரோனா நேரத்து ஆன்லைன் டிரில் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. "சாவ்தான்" (நேராக நில்) என்றால் ஒருவன் உடனே காலை அடிப்பான், இன்னொருவன் நெட் வந்த பிறகு அடிப்பான். .22 ரைஃபிளை வீடியோவில் காட்டலாம். தோளில் எங்கே அணைப்பது என்று தொட்டுத் திருத்த முடியாது.

வரைபடப் பாடம் வேறு மாதிரி. உண்மை வடக்கு, வரைபடக் கட்டங்களின் வடக்கு, காம்பஸ் காட்டும் காந்த வடக்கு என்ற மூன்று வடக்குகளையும் செயலியில் படித்துவிட்டு வரச் சொன்னேன். வகுப்பில், வீட்டிலிருந்து தெரியும் மலைக்கு போன் காம்பஸால் பேரிங் எடுக்க வேண்டும், அதாவது வடக்கிலிருந்து வலச்சுற்றாக அது எத்தனை டிகிரி என்று.

காங்கேயத்து மாணவி சிவன்மலைக்கு 240 டிகிரி என்றாள். மலை அவள் வீட்டுக்கு வடமேற்கே. 315ஐ ஒட்டி வரவேண்டும். காந்த வடக்கால் வந்த பிசகு என்றும் சொல்ல முடியாது, நம் பக்கம் அது இரண்டு டிகிரிக்குள்தான். மறுபடி எடுத்தாள். 225.

"போன் சரியில்லைங்க சார்."

அவள் மைக்கில் டக்கடி டக்கடி என்று சத்தம்.

"எங்க நிக்கற கண்ணு?"

"தறிக்குடோன் வாசல்லங்க சார். இங்கதான் டவர் கிடைக்குது."

சரி, பின்னால் அத்தனையும் இரும்பு! இரும்புக்குப் பக்கத்தில் காம்பஸ் எடுக்கக்கூடாது என்பதை அவள் மனப்பாடமாகச் சொல்வாள். தினமும் பார்க்கிற தறியும் அந்த இரும்புதான் என்று தோன்றவில்லை. தோட்டத்துக்குப் போய் எடுத்து வரச் சொன்னேன். லைன் போய்விட்டது. ஐந்து நிமிடம் வகுப்பே காத்திருந்தது. மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "318ங்க சார்!" என்றாள்.

உடனே இன்னொருவன்: "ஏனுங் சார், நான் டிராக்டர் மேல உக்காந்து எடுத்தேன். அதுவும் தப்புங்களா?"

அன்றைக்கு முக்கால்வாசிப் பேர் இடம் மாறி மறுபடி எடுத்தார்கள். அப்புறம் வருகைப்பதிவையே மாற்றிவிட்டேன். 'பிரசென்ட்' வேண்டாம், எங்கே நிற்கிறாய், பக்கத்தில் என்ன இருக்கிறது, அதைச் சொல். அவன் மட்டும் ஒவ்வொரு வகுப்பிலும், "டிராக்டர்ல இல்லீங்க சார்" என்பான்.