மூடிகள் கற்றுக்கொடுத்த 'கொ'

247 எழுத்துகளும் உள்ள அட்டையைச் சுவரில் மாட்டி, மகளைத் தினமும் ஒப்பிக்கச் சொன்னது என் முட்டாள்தனம். ஆண்டு ஒன்றில் படிக்கிறாள். அட்டையைக் கண்டாலே வயிறு வலித்துவிடும்.

இப்போது பாட்டில் மூடிகள்தான். எழுத்துக்கு ஒரு மூடி, துணைக்குறிகளுக்குத் தனி மூடிகள். 'கொ'வில்தான் எப்போதும் தடுக்கி விழுவாள். 'கெ' என்று தொடங்கிவிட்டு, பின்னால் நிற்கும் காலைப் பார்த்து விழிப்பாள். நடுவில் 'க', இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால் என்று மூடிகளை வைத்தேன். காலைத் தள்ளினால் 'கெ', கொம்பைத் தள்ளினால் 'கா'. தள்ளித் தள்ளி அவளே கண்டுபிடித்தாள். இரவில் அவள் அப்பாவின் பாதத்தில் குத்திய மூடிகள் தனிக்கணக்கு.

நேற்று பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாரில் மளிகை வாங்கப் போனோம். மூட்டையில் செருகியிருந்த அட்டையின் முன் நின்றுவிட்டாள். முதல் எழுத்தின் இரு பக்கமும் விரலால் தொட்டுப் பார்த்து, "கொ... கொத்தமல்லி!" என்று கத்தினாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொஞ்சம் கறிவேப்பிலையை இலவசமாகப் போட்டார்.

அடுத்தது ழகரம். இவளுக்கு இன்னும் 'வாளப்பளம்'தான். பாட்டியும் அப்படித்தான் சொல்கிறார். யாரை முதலில் திருத்துவது?