மே 18 கூட்டம்: பேனர் அடிக்கும் முன்

வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர் பக்கம் முள்ளிவாய்க்கால் (2009 மே மாதம் இலங்கைப் போர் முடிந்த இடம்) நினைவுக் கூட்டம் நடத்துகிறவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது பேனரில் போடும் எண்ணை. சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

பேனர்களில் போடும் 1,46,679 என்ற எண் எப்படி வந்தது? 2008 அக்டோபர் தொடக்கத்தில் இலங்கையின் வடக்கே போர் நடந்த வன்னியில் இருந்தவர்கள் கச்சேரி (மாவட்டச் செயலகம்) கணக்குப்படி 4,29,059. 2009 ஜூலைக்குள் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் ஐ.நா. கணக்குப்படி 2,82,380. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் இரண்டையும் கழித்துப் பார்த்து, மிச்சப் பேருக்கு என்ன ஆனது என்று 2011 ஜனவரியில் இலங்கை அரசு அமைத்த விசாரணை ஆணைக்குழு முன் கேட்டார். ஆக, அது கணக்கில் வராதவர்களின் தொகை. ‘கொல்லப்பட்டவர்கள்’ என்று அடித்தால், மறுப்பவன் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே கூட்டத்தை முடித்துவிடுவான். 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது என்றது. 2012இல் ஐ.நா.வின் உள்ளக ஆய்வு கணக்கில் வராதவர்கள் 70,000க்கும் மேல் என்றது. எந்த எண்ணைப் போட்டாலும் அதன் கீழே யார் சொன்னது, எந்த ஆண்டு என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

அடுத்து, எத்தனை பேர் செத்தால் இனப்படுகொலை என்று காலேஜ் பிள்ளைகள் கேட்பார்கள். ஐ.நா.வின் 1948 இனப்படுகொலை உடன்படிக்கையின் 2ஆம் பிரிவில் எண்ணே கிடையாது. கொலை, கடும் உடல் மனக் கேடு, வாழவே முடியாத நிலையைத் திணிப்பது, பிறப்பைத் தடுப்பது, பிள்ளைகளைப் பிடுங்கி வேறு குழுவிடம் கொடுப்பது என ஐந்து செயல்கள். கூடவே ஒரு தேசிய, இன, மதக் குழுவை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம். நிரூபிக்கக் கஷ்டமானது இந்த நோக்கம்தான். இதை விளக்க போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாதான் நல்ல உதாரணம். 1995 ஜூலையில் போஸ்னிய செர்பியப் படைகள் அங்கிருந்த முஸ்லிம் ஆண்களையும் பையன்களையும் பிரித்து சுமார் 8,000 பேரைக் கொன்றார்கள். பெண்களைக் குழந்தைகளோடு பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றினார்கள். இரண்டும் சேர்ந்தால் அந்தச் சமூகம் அங்கே மறுபடி தழைக்காது என்பதை வைத்தே முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் நோக்கத்தைக் கண்டது. பிறகு குழிகளை எந்திரம் வைத்துத் தோண்டி உடல்களை வேறிடத்துக்கு மாற்றியதால், ஒருவரின் எலும்புகளே பல குழிகளில் கிடைத்தன. டிஎன்ஏ சோதனையில்தான் ஆளை அடையாளம் கண்டார்கள்.

முள்ளிவாய்க்கால் பற்றி சர்வதேச நீதிமன்றம் எதுவும் தீர்ப்பளிக்கவில்லை. இதை மறைக்காமல் மேடையிலேயே சொல்லிவிடுங்கள். இலங்கையின் வடமாகாண சபை இனப்படுகொலை என்று 2015 பிப்ரவரி 10இல் தீர்மானம் போட்டது. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலேயே ஷெல் விழுந்தது, ஆஸ்பத்திரிகள் தாக்கப்பட்டன, உணவும் மருந்தும் தடுக்கப்பட்டன. ஐ.நா. நிபுணர் குழு நம்பத்தகுந்தவை என்று சொன்ன குற்றச்சாட்டுகள் இவை. தேதி வாரியாக ஒரு சார்ட்டில் எழுதி மாட்டினாலே போதும், தொண்டை கிழியப் பேச வேண்டியதில்லை.

1915 ஆர்மேனிய இனப்படுகொலையைப் பற்றியும் பேசுவதாக இருந்தால், ஜார்ஜ் டவுன் ஆர்மேனியன் தெருவில் இருக்கும் தேவாலயத்தை அப்போது தப்பி வந்த அகதிகள் கட்டியதாகச் சொல்லிவிடாதீர்கள். அது 1772இல் கட்டியது, வியாபாரிகள் காலத்தது.

புழல் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருகிறவர்களைச் சாட்சி சொல்லச் சொல்லி மைக்கை நீட்ட வேண்டாம். கேட்காமல் போட்டோவும் எடுக்காதீர்கள். இலங்கையில் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சிக்கல் வரலாம்.

போரின் கடைசி நாட்களில் அங்கே மக்கள் குடித்த உப்புக் கஞ்சியின் நினைவாகக் கூட்டத்தில் ஊற்றும் கஞ்சி 50 பேருக்கு என்றால் ஒன்றேகால் கிலோ அரிசி, 12 லிட்டர் தண்ணீர், உப்பு. அவ்வளவுதான். ஆடிக் கூழ் பழக்கத்தில் வெங்காயமும் கருவாடும் எங்கே என்று நம்மாட்கள் கேட்பார்கள். ஊற்றுவதற்கு முன்பே அந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டால் கேட்கமாட்டார்கள். ஆறினால் இறுகிவிடும், பக்கத்தில் 2 லிட்டர் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள்.